லாரூவின் வாயில் கசந்த காபி

நெட்ரா யோர்கென்சன் குடித்த காபி, மூன்று வீடு தள்ளியிருந்த லாரூ ஓல்ட்ராய்டின் வாயில் கசந்தது. எங்கள் ஊர் கூப்பர் பெஞ்சில் இது தொடங்கியது நெட்ரா எங்கள் திருச்சபையை விட்டு விலகிய வருடம், செப்டம்பரில், வீடு வீடாகப் பீச் பழங்களைப் புட்டியில் அடைக்கும் வாரத்தில். தன் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிடும்படி அவள் சால்ட் லேக்கிலிருக்கும் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். பதில் வந்த மறுநாள் கடைக்குப் போய் ஒரு காபி மெஷின் வாங்கி வந்தாள். அறுபத்தொரு வயதில் முதல் மடக்கு, காலை ஆறு நாற்பதுக்கு. அதே நிமிடம் பல் துலக்கிக்கொண்டிருந்த லாரூவின் நாக்கு கரியைத் தின்றதுபோலக் கசந்தது. அவள் பற்பசையை மாற்றினாள், பிறகு பிரஷ்ஷை மாற்றினாள். சபை விலக்கிய காபியை ஆயுளில் ஒரு சொட்டும் குடிக்காதவளுக்கு, பெட்ரோல் பங்கில் லாரிக்காரர்கள் கையில் ஆவி பறக்கும் அந்த வாசனைதான் தன் வாயில் இருப்பது என்று புரிய நான்கு நாள் ஆயிற்று.

நெட்ரா ஏன் விலகினாள் என்பதற்குச் சபையில் பல காரணங்கள் உலவின. அவள் சொன்னது ஒன்றுதான்: முழங்காலிட்டுப் பேசும்போது எதிர்ப்பக்கம் யாரும் இல்லை என்று ஒரு நாள் தெரிந்துவிட்டது. நாங்கள் அவள் வாசலில் ரொட்டி வைத்துவிட்டு வந்தோம். உள்ளே போய் உட்கார யாருக்கும் துணிவில்லை. முப்பத்தொரு வருடம் அவளோடு ஒரே அடுப்பில் பீச் காய்ச்சிய லாரூகூட அந்த முறை சர்க்கரைப் பாகின் பதத்தைப் பற்றி மட்டுமே பேசினாள். மற்ற எந்தப் பேச்சும் அவளைத் திருப்பி அழைப்பதாகவோ வழியனுப்புவதாகவோ ஆகிவிடுமோ என்ற பயம்.

அக்டோபரின் முதல் ஞாயிறு, உபவாச நாள். வழக்கம்போல லாரூ இரண்டு வேளை சாப்பாட்டை விட்டாள். ஆனால் பசி நெட்ராவுக்கு வந்தது. ஆறு பான்கேக் தின்றும் அவளுக்கு வயிறு இழுத்துப் பிடித்தது. லாரூவோ சபையில், தன் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்ல எழுந்த ஒருவர் அழுதுகொண்டிருந்த நேரத்தில், மேப்பிள் பாகு மணக்க ஏப்பம் விட்டாள். அன்று மாலையே நெட்ரா வந்து கதவைத் தட்டினாள்.

"பேரையே வெட்டிட்டு வந்துட்டேன். இன்னும் எனக்கு என்னடி உபவாசம்?"

"ஆறு திங்கணுமாடி? மூணோட நிறுத்தக் கூடாதா? மானம் போச்சு எனக்கு."

"பசிச்சுது. உன் பசி."

இருவரும் சிரித்தார்கள், கடிதத்துக்குப் பிறகு முதல் முறையாக. ஆனால் கதவைச் சாத்தியதும் லாரூவுக்குள் ஒரு கேள்வி குடைந்தது. வலிக்காத உபவாசத்தைக் கடவுள் யார் பெயரில் ஏற்றுக்கொள்வார்? பசியைச் சுமப்பவள் நம்பாதவள். நம்புகிறவளுக்கோ வயிறு நிறைந்திருக்கிறது. இதை அவள் கணவன் லவாரிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த ஜூனில் அவளுடைய கடைசி மகள் ஜோலினுக்கு மான்டை ஆலயத்தில் திருமணம். உள்ளே நுழையச் சபை தரும் ஆலயச் சீட்டு இல்லாதவர்கள், பெற்ற தாயே ஆனாலும், வெளியே புல்வெளியில்தான் காத்திருக்க வேண்டும். லாரூவின் சீட்டு மே மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க, ஊர்ச் சபையை நடத்தும் பிஷப்பின் அறையில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். காபி, டீ, மது, புகையிலை தொடுவதில்லை என்பது அவற்றில் ஒன்று. அவள் மூச்சிலோ காபி மணந்தது. நெட்ராவிடம் சில வாரம் நிறுத்தச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தாள். நினைத்ததற்காகத் தினமும் கூசினாள்.

ஏப்ரலில் ஒரு வியாழன் காலை கசப்பு வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை லாரூவுக்கு மண்டை பிளந்தது. காபி குடித்துப் பழகி நிறுத்தியவர்களுக்கு வரும் தலைவலி அது என்று மருந்துக்கடைப் பெண் சொன்னாள், சொல்லிவிட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுத்திருந்தபோதுதான் லாரூ தன்னைப் பற்றி ஒன்றைக் கண்டுகொண்டாள். வலியைவிட மோசமாக இருந்தது ஆறு நாற்பதின் வெறுமை. ஏழு மாதமாக அந்தக் கசப்பு வந்ததும், நெட்ரா எழுந்துவிட்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று மனம் அமைதியடைந்து வந்திருக்கிறது. அவள் கட்டிய துணியோடே எழுந்து நெட்ரா வீட்டுக்குப் போனாள்.

"குடிச்சுத் தொலைடி."

"உன் பொண்ணு கல்யாணம் முடியட்டும்."

"நான் கேட்டேனா?"

"கேக்கலை. அதனாலதான் நிறுத்தினேன்."

லாரூ நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ நானும் உபவாசத்தை விட்டுடறேன்."

"அதெல்லாம் வேணாம். நீ அதை விட்டா உனக்குள்ள என்னவோ ஒண்ணு ஒடிஞ்சுபோகும். மாசத்துல ஒரு நாள் பசி எனக்குப் பெரிசில்ல." சொல்லிவிட்டு நெட்ரா மெஷினில் தண்ணீர் ஊற்றினாள். கால்மணியில் லாரூவின் தலைவலி இறங்கியது.

எங்கள் பிஷப் ட்வெயின் ரிக்ஸ் வான்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். இருவர் விஷயம் அதற்குள் ஊரில் எல்லோரையும்போல அவருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஞாயிறு பதினோரு மணிக்கு, காபியைப் பற்றிய கேள்விக்கு வந்ததும் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"சிஸ்டர் ஓல்ட்ராய்ட், காபி வாசனை வருதே."

"வரும் பிஷப். இது நெட்ராவோட ரெண்டாவது கப்."

"கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லலாமே."

"அவ நிறுத்தத்தான் செஞ்சா. நான்தான் வேணாம்னுட்டேன்."

"நீங்க ஒரு வாய் குடிச்சிருக்கீங்களா?"

"இல்லை."

அடுத்தது பட்டியலில் இல்லாத கேள்வி. "ஆசைப்பட்டிருக்கீங்களா?"

பொய் சொன்னால் சீட்டு கிடைக்கும், உண்மை சொன்னால் ஜோலினின் திருமணத்தின்போது புல்வெளியில் காத்திருக்கவேண்டியிருக்கும் என்று லாரூவுக்குத் தோன்றியது. "காலையில ஆறு நாப்பதுக்கு ஆசைப்படறேன். காபிக்கு இல்ல. அவ எழுந்துட்டாளான்னு தெரியணும்."

நெட்ராவின் வாசலில் ரொட்டி வைத்துவிட்டு மணியடிக்காமல் திரும்பியவர்களில் பிஷப்பும் ஒருவர். அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

திருமணத்தன்று லாரூ உள்ளே வெண்ணிற உடையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நெட்ரா வெளியே புல்வெளியில், சீட்டில்லாத மற்ற உறவினர்களோடு இருந்தாள். பிளாஸ்கைத் திறந்து அவள் ஒரு மடக்கு குடித்த நேரம், மணமக்கள் கைகோத்து மண்டியிட்டிருந்தார்கள். மான்டை ஆலயத்துக்குள் காபி நுழைந்தது எங்களுக்குத் தெரிந்து அன்று ஒருநாள்தான். விளக்குகள் அணையவில்லை.

இப்போது இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. நெட்ரா திரும்பி வரவில்லை, லாரூ விலகவுமில்லை. போன வருடம் லாரூவுக்குச் சர்க்கரை நோய் வந்தது. நெவாடாவிலிருந்து வந்த எங்கள் மருத்துவமனை நர்ஸுக்குச் சபை விஷயம் எதுவும் தெரியாது. வெறும் வயிற்றோடு வந்த லாரூவிடம் இரண்டு முறை ரத்தம் எடுத்து, சர்க்கரைக் கணக்கு சரிப்படாமல், மூன்றாவது முறை விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து பரிசோதனைக்கு முந்தின நாள் அவள் லாரூவுக்கு போன் செய்வதில்லை. நெட்ராவுக்குத்தான் செய்கிறாள், காலையில் எதுவும் சாப்பிட வேண்டாம் என்று சொல்ல.