வலது தோள்

பாண்டியனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஸ்டுடியோ நடத்துபவனுக்கு அது வேண்டும்தான் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொள்வான். 2004 கடைசியில் டிஜிட்டல் கேமரா வாங்கியபோது சின்னக் காஞ்சிபுரத்தில் அதைப் பற்றி அவனிடம் கேட்காமல் தப்பித்தவர்கள் குறைவு. அடுத்த வருஷம், அந்த டிஜிட்டல் படத்திலிருந்தே பழைய முறைப்படி டார்க்ரூமில் கறுப்பு வெள்ளைப் படம் போடக் கற்றுக்கொண்டான். அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம்.

வேலை ஒன்றும் பெரிய மாயமில்லை. கம்ப்யூட்டரில் படத்தை நெகட்டிவாக மாற்றி, ஓ.ஹெச்.பி. ஷீட் என்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் பிரிண்ட் எடுக்க வேண்டும். டார்க்ரூமில் அந்த ஷீட்டைப் போட்டோத் தாளின் மேல் படிய வைத்து, கண்ணாடியால் அழுத்தி, சில விநாடி விளக்கைக் காட்ட வேண்டும். பிறகு மருந்துத் தொட்டியில் போட்டால் படம் எழும்பி வரும். மை இருக்கிற பக்கம் தாளைத் தொட்டால்தான் படம் துல்லியமாக விழும். ஆனால் அப்படி வைக்கும்போது இடது வலதாகிவிடும். அதனால் கம்ப்யூட்டரிலேயே படத்தை முன்கூட்டித் திருப்பிப் போட்டுவிட வேண்டும். மறக்கக் கூடாதது இது ஒன்றுதான். ஹேமாம்புஜம் டீச்சரின் படத்தில் பாண்டியன் அதை மறந்தான்.

டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் ஹிந்தி வகுப்பு எடுப்பவர். கணவர் ஆராவமுதன் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் முன்வரிசைக்காரர். கேமரா வாங்கிய புதிதில், ஒரு திருநாளன்று கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இருவரையும் பாண்டியன்தான் வலியக் கூப்பிட்டு உள்ளே நிற்க வைத்து ஒரு படம் எடுத்தான். பஞ்சகச்சமும் வெற்று மார்புமாக அவர், மடிசாரில் டீச்சர். படத்தை வாங்கிக்கொள்ள ஆராவமுதன் வரவில்லை. நாலாவது நாள் மாரடைப்பில் போய்விட்டார்.

வருஷத் திதிக்கு ஒரு வாரம் முன்பு டீச்சர் கடைக்கு வந்தார்.

"அன்னிக்கு ஒண்ணு எடுத்தியே பாண்டியா, அது இருக்கா? எங்க கல்யாணப் போட்டோ முப்பத்தஞ்சு வருஷமாச்சு, அப்படியே இருக்கு. அதே மாதிரி கறுப்பு வெள்ளையில பெரிசா வேணும். பக்கத்துலயே மாட்டப் போறேன்."

"பிரமாதமா போட்டுத் தர்றேன் டீச்சரம்மா. நூறு வருஷம் ஆனாலும் அசையாது," என்றான் பாண்டியன்.

அந்தப் பெரிய அளவுத் தாள் கைவசம் ஒன்றுதான் இருந்தது. சிவப்பு விளக்கில் படம் எழும்பி வந்தபோது அவனுக்கே பெருமையாக இருந்தது. காய வைத்துப் பார்த்தபோதுதான், பின்னாலிருந்த ஸ்டுடியோ திரையில் இடது பக்கம் வரைந்திருந்த கோபுரம் படத்தில் வலது பக்கம் நிற்பது தெரிந்தது. புதுத் தாள் சென்னையிலிருந்து வரப் பத்து நாளாகும். திதியோ மறுநாள். முகம் முகமாகத்தானே இருக்கிறது, திரையில் இருக்கிற கோபுரத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டான்.

திதி முடிந்த மறுநாள் காலையில் டீச்சர் படத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். ஐயம்பேட்டையிலிருந்து கல்யாண ஆர்டர் கொடுக்க வந்த நாலு பேர் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் பாண்டியன் தன் பெருமையைத்தான் விரித்துக்கொண்டிருந்தான்.

"பாண்டியா, ஒண்ணே ஒண்ணு கேட்கணும்," என்றார் டீச்சர். குரல் மெதுவாக இருந்தது. "அன்னிக்கு இவர் பூணூலை இப்படியா போட்டுண்டிருந்தார்? வலது தோள்ல?"

பாண்டியன் மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஐயங்கார் வீட்டுக் கல்யாணங்கள் நூறாவது எடுத்திருப்பான், ஆனால் பூணூல் எந்தத் தோளில் கிடக்கும் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. ஆனாலும் கேள்வி விழுந்த உடனே விஷயம் புரிந்துவிட்டது. கண் தானாகப் படத்துக்குப் போயிற்று. பூணூல், கோபுரம், டீச்சரின் முந்தானை, எல்லாமே பக்கம் மாறிக் கிடந்தன. ஐயம்பேட்டைக்காரர்கள் நாலு பேரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"ஆமாம்மா. சார் அப்படித்தான் போட்டுக்கினு இருந்தாரு," என்றான். அதோடு விட்டானா? "நாம மறந்துடுவோம், கேமரா பொய் சொல்லாது பாருங்க."

டீச்சர் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆர்டர் கிடைத்தது.

பத்து நாள் கழித்து, அவன் மனைவி சத்யப்ரியா மகளை ஹிந்தி வகுப்பில் விடப் போனவள், அவளைக் கூட்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"டீச்சர் இனிமே கிளாஸ் எடுக்க மாட்டாங்களாம்பா. ஆளு பாதியா இளைச்சுட்டாங்க. அவங்க ஆளுங்க பூணூலை எப்பவும் இடது தோள்லதான் போடுவாங்களாம், செத்தவங்களுக்குத் திதி குடுக்கும்போதுதான் வலது தோளாம். அவங்க பையன் சுதர்சன், அப்பாவுக்குத் திதி குடுத்துக்கினு தலையைத் தூக்கிப் பார்த்தா, போட்டோவுல அவரும் அதே மாதிரி போட்டுக்கினு இருக்காராம்."

பாண்டியன் கையிலிருந்த கேமராவைக் கீழே வைத்தான்.

"தூக்கத்துல கூட அவருக்கு அது தப்பாதாம். போட்டோ எடுத்த அன்னைக்கே உடம்பு சரியில்லாம நெதானம் தவறித்தான் அப்படிப் போட்டிருக்காரு, முகமே வேற மாதிரி இருக்குது, பக்கத்துல நின்னுக்கினு நான் பார்க்காம விட்டேனே, அன்னைக்கே டாக்டர் கிட்ட கூட்டிக்கினு போயிருந்தா இருந்திருப்பாரேன்னு அழுவுறாங்க. எனக்குத் தாங்கல."

அவனுக்கும் தாங்கவில்லை. தான் செய்ததை மனைவியிடம் சொல்ல வாயெடுத்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். ஊருக்கெல்லாம் கதை அளக்கிற வாய்க்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை. டீச்சர் வீட்டுத் தெருமுனை வரை மூன்று தடவை சைக்கிளில் போய், வெட்கம் பிடுங்கித் தின்ன, மூன்று தடவையும் திரும்பி வந்தான். இப்போதுதான் சென்னைக்குச் சொன்ன தாள் வரட்டும், நல்ல படமாகக் கையில் கொண்டு போய்ச் சொல்லலாம் என்பது அவன் கண்டுபிடித்த சாக்கு. தாள் வந்தது. இந்த முறை கம்ப்யூட்டரில் திருப்பினான், நாலு தடவை சரிபார்த்தான், படம் போட்டான். போட்ட பிறகும் அஞ்சு நாள் அது கடையிலேயே கிடந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனான். டீச்சர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் பழைய படம் தொங்கியது. பாண்டியன் உட்காரவில்லை.

"டீச்சரம்மா, தப்பு என்னுது. சார் சரியாத்தான் போட்டுக்கினு இருந்தாரு. நான் நெகட்டிவைத் திருப்பாம வச்சிட்டேன். படம் இடது வலது மாறிடுச்சு. சரியானது இதோ இருக்குது."

டீச்சர் புதுப் படத்தை வாங்கிப் பார்த்தார். பூணூல் இடது தோளில் இருந்தது. டீச்சர் முகத்தில் மாற்றமே இல்லை.

"நான் அழறேன்னு சத்யா சொன்னாளா? நல்ல மனசுப்பா உனக்கு. கம்ப்யூட்டர்ல எதை வேணா மாத்தலாம்னு சுதர்சன் சொல்லியிருக்கான். எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு மாத்திண்டு வந்திருக்கே. கேமரா பொய் சொல்லாதுன்னு நீதானே சொன்னே?"

பாண்டியனுக்குக் கூசிப்போயிற்று. அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அவன் சுவரிலிருந்த பழைய படத்தைக் கழற்றி அவர் மடியில் வைத்தான்.

"சாரைப் பார்க்காதீங்கம்மா. உங்களைப் பாருங்க. முந்தானை எந்தத் தோள்ல இருக்குது?"

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். படத்தில் மடிசார் முந்தானை வலது தோளில் கிடந்தது. அப்படிக் கட்டுவது ஐயர் வீட்டு வழக்கம். ஐயங்கார் வீட்டில் பிறந்து ஐயங்கார் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர், ஒரு நாளும் இடது தோளைத் தவிர வேறு தோளில் போட்டதில்லை. விரலால் அந்த வலது தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நான் என்னைப் பார்க்கவே இல்லையே," என்றார். "இத்தனை நாளா இவரையேன்னா பார்த்துண்டிருந்தேன்."

பிறகு வாய்விட்டு அழுதார். அது ஓய்ந்ததும் கேட்டார். "இது உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. நீங்க கடைக்கு வந்து கேட்டீங்களே, அப்பவே. ஆளுங்க இருந்தாங்க, மானம் போயிடும்னு சார் மேல போட்டுட்டேன். கேமரா பொய் சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்."

"ஒரு மாசம்," என்றார் டீச்சர். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பான்.

பழைய படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அன்னிக்கு அவர் நன்னாத்தானே இருந்தார்?" என்றார்.

"நல்லா இருந்தாரும்மா. நீங்க வெறைச்சுக்கினு நின்னீங்க. அதுக்கு அவரு குனிஞ்சு உங்க கிட்ட, 'அம்புஜம், பரீட்சை ஹால்ல நிக்கற மாதிரி நிக்காதே'ன்னாரு. அப்பதான் நான் கிளிக் பண்ணேன்."

டீச்சர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"இதாவது நிஜமா, பாண்டியா?"

நிஜம்தான். ஒரு எழுத்துக் கூட அவன் சேர்க்கவில்லை. ஆனால் "நிஜம்மா" என்று சொன்னபோது குரல் எழும்பவில்லை, தலையும் நிமிரவில்லை.

டீச்சர் புதுப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதில் கணவரின் உதடுகள் லேசாகத் திறந்திருந்தன.

"அவர் அப்படித்தான் சொல்வார்," என்றார். டீச்சர் நம்பியது ஆராவமுதனை. பாண்டியனை அல்ல என்பது பாண்டியனுக்கும் தெரிந்தது.