மணல்திட்டுக்கு அப்பால்

ஜூன் குளிரில் தெற்குக் காற்று வலுத்ததும், உப்பங்கழியில் வளர்ந்த மடவை மீன்கள் சினை சுமந்து கடலில் இறங்கி, பிரேசிலின் சாந்தா கத்தரினா கரையை ஒட்டியே வடக்கே நகரும். நீரில் அவை செந்நிழலாகத் தெரியும் கணத்தில் பாறைமேலிருந்து மேலங்கியை வீசிச் சைகை காட்டுவது மீன்காவலன் வல்தெசீரின் உரிமை. அந்த வீச்சை நம்பியே படகு இறங்கும்; கரையில் நிற்பவர்கள் எல்லோரும் வலை இழுப்பார்கள்.

இம்முறை படகுக்காரர் ஒஸ்மரினோ, வல்தெசீரின் கொழுந்தியாள் ஜுசேலியாவையும் பாறைக்கு அனுப்பியிருந்தார். மேலங்கி ஒன்றுதான். பருவ முடிவில் அதுவும் அந்த உரிமையும் யாருக்கு என்பதை அவரே சொல்வார். சில நாட்களாக மீன் கூட்டத்தை முதலில் காண்பது அவள்தான். அவளுடைய கண்களை அவன் வெறுக்கவில்லை. அவை தன் முகத்தில் இல்லாததைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

“பைன் கொட்டை அவிச்சது, எடுத்துக்கங்க அத்தான்.”

“நீயே தின்னு. கண்ணு இன்னும் கூர்மையாகட்டும்.”

“இருக்கிறதே போதும். திட்டுக்கு அந்தப் பக்கம் பாருங்க.”

நீருக்குள் மூழ்கிக் கிடந்த மணல்திட்டுக்கு அப்பால் நீர் சிவந்து அசைந்தது.

“பொறுங்க. காத்து தணிஞ்சா உள்பக்கப் பள்ளத்துல வந்து ஒதுங்கும்,” என்றாள்.

அது அவனும் அறிந்ததே. அறிந்தும், அவளுக்கு முன் தன் கை எழ வேண்டுமென்று மேலங்கியைச் சுழற்றினான். படகு பாய்ந்தது. துடுப்பொலியில் மிரண்ட கூட்டம் உடைந்தது. பெரும்பகுதி ஆழத்துக்குத் திரும்பிவிட்டது. வலையில் பாசிதான் வந்தது.

“யாருய்யா வீசினது? பாசி இழுக்கவா ஊரையே கூப்பிட்ட?” ஒஸ்மரினோவின் குரல் மேலே எட்டியது.

“ரெண்டு பேருந்தான் பாத்து முடிவு பண்ணோம்,” என்றாள் ஜுசேலியா.

பெருந்தன்மையும் அவளிடமே இருந்தது. அதற்காகவும் அவன் அவள்மேல் பொறாமைப்பட்டான்.

பிற்பகலில் காற்று தணிந்தது. சிதறாமல் மிஞ்சிய மீன்கள் திட்டைத் தாண்டி உள்ளே வரத் தொடங்கின. வலையை மீண்டும் படகில் மடித்து வைத்தவர்கள் அவன் கையையே பார்த்து நின்றார்கள். அந்தக் கையை இப்போது அவனாலேயே நம்ப முடியவில்லை.

“இப்பவா?” என்று அவளைக் கேட்டான்.

“இன்னும் இல்ல. கடைசி மீனும் உள்ள வரட்டும்.” சற்றுப் பொறுத்து, “வீசுங்க,” என்றாள்.

வீசினான். வலை வளைந்து வெள்ளியாய்க் கொதித்தது. கரை முழுவதும் அவன் பெயரைக் கூவியது. அவள் மறுக்கவில்லை, கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் மேலங்கியை அவள் மடியில் போட்டான்.

“எனக்கு எதுக்கு, அத்தான்?”

“நீ விட்டுக்கொடுத்து நான் போட்டுக்கிட்டா, அது எனக்குக் குளிரும்.”

பாறையிலிருந்து இறங்கிப்போய், வலைக்கயிற்றின் கடைசி ஆளாக நின்று இழுத்தான்.