அப்பாவின் தாடை

மூன்றாவது தடவையும் தாடையைக் கட்டிய துணி நழுவி, இறந்துபோன அப்பாவின் வாய் திறந்துகொண்டது.

"உங்கக்கா வர்றதுக்குள்ள எப்படியாவது மூடணும்டா. இப்படிப் பாத்தா அவ தாங்க மாட்டா," என்றாள் அம்மா.

மகன் பின்பக்கப் பட்டறைக்கு ஓடினான். பசை இறுகும்வரை மரத்தைப் பிடித்துவைக்கும் கிளாம்ப் நிற்காமல் வழுக்குகிற சரிவான மூட்டுகளுக்கு, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றுவார்கள். காலையில் அப்பாவும் அவனும் ஒரு நாற்காலியின் வளைந்த முதுகுக்கு அதைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நெரிக்காதடா. பசை பூரா வெளிய வழியுது பாரு. அப்புறம் மூட்டுக்குள்ள என்ன இருக்கும்?" என்றார் அப்பா.

"தளர்த்தினா வாயைப் பொளந்துக்கும்ப்பா."

"முப்பது வயசாச்சு. கைக்கு இன்னும் புத்தி வரல."

"அப்ப நீங்களே கட்டிக்குங்க!"

டியூபை வீசிவிட்டு டீக்கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது அப்பா மரத்தூளில் கிடந்தார். மாரடைப்பு, நொடியில் போயிருக்கும் என்றார் டாக்டர். எந்த நொடியில் என்று அவன் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பட்டையைத் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தான்.

"டேய்! அவர் என்ன நாற்காலியா?"

"துணி வழுக்குதும்மா. இது நிக்கும்."

நின்றது. உதடுகள் உள்ளே மடங்கின. கன்னம் பிதுங்கியது. புருவம் நெரிந்தது. காலையில் அவனை முறைத்த அதே முகம்.

மாமா எட்டிப் பார்த்தார். "மச்சான் கோபமாப் போயிட்டார் போல. ஆனா கோபம் அவருக்கு என்ன புதுசா?"

அம்மா மகனைப் பார்த்தாள். "காலைல ஏதாவது சொன்னாராடா?"

அவன் குனிந்து முடிச்சை அவிழ்த்தான். கன்னத்தில் பதிந்திருந்த தடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துவிட்டான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் தாடையைத் தாங்கிக்கொண்டான். அழுத்தவில்லை. உதடுகள் ஒன்றையொன்று தொட்டால் போதும்.

"எவ்ளோ நேரம் இப்படியே பிடிப்பே?" என்றாள் அம்மா.

"இறுகற வரைக்கும்."

யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அதன்மேல் ஆடை படர்ந்தது. தோள் கடுத்தது. அவன் கையை மாற்றவில்லை.

வெயில் இறங்கிய பிறகு அக்கா வந்தாள். அப்பாவின் மார்பில் விழுந்து அழுதாள். அழுகைக்கு நடுவே நிமிர்ந்து பார்த்தாள்.

"தூங்கற மாதிரியே இருக்காருடா. நிம்மதியாத்தான் போனாரா?"

அவன் தலையை அசைத்தான். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய அசைப்பு.

மாமா அவன் தோளைத் தொட்டார். "விடுப்பா. விறைச்சாச்சு, இனி தானா நிக்கும்."

கையை எடுத்தான். நின்றது.

அப்பா இன்று சவரம் செய்திருக்கவில்லை. அவன் உள்ளங்கை முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. அக்கா பார்ப்பதற்குள் விரல்களை மூடிக்கொண்டான்.