எங்கள் வம்சத்து ரோமம்

எங்கள் வீட்டில் வலிப்பு என்ற சொல்லை நான் புழங்க விட்டதில்லை. எங்கள் தீவில், கராச்சர்மா ஊரில் பொதுப்பணித் துறை பக்தவத்சலம் என்றால் என்னைத் தெரியாதவர் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில், என் மகள் உமா மகேஸ்வரி பள்ளி நாளிலிருந்து விழுங்கும் மாத்திரைக்குச் ‘சத்து மாத்திரை’ என்று பெயர். அட்டை சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும்.

மாத்திரை வலிப்பை நிறுத்தியது. கூடவே அவள் மேலுதட்டிலும் கன்னத்தோரத்திலும் கருகருவென்று முடியை வளர்த்தது. வேறு மாத்திரைக்கு மாற்றினால் மெல்லக் குறையலாம் என்றார் டாக்டர். அதற்கு ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரின் வரிசையில் உட்கார வேண்டும். தெருக்காரர் யாராவது பார்த்தால்? நான் போக விடவில்லை.

பக்கத்து ஊர் புரோத்ராபூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் கௌதம், தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை. அவன் தாய் ருக்கு உமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. முகத்துல முடி கொஞ்சம் கூட இருக்கே, புள்ள மாத்திரை ஏதும் சாப்பிடுதா?”

உமா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

“மாத்திரையா? அது எங்க வம்சம்மா. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

“அண்ணன் மீசையைப் பாருங்க. வீட்டுக்கே பங்கு போட்டுக் குடுத்திருக்கார்” என்றார் தரகர் நல்லதம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். உமா சிரிக்கவில்லை.

மறுநாள் நல்லதம்பியின் ஃபோன். காது மந்தமானதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். உமாவும் என் மனைவி அலமுவும் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்கள்.

“வேணாம்னுட்டாங்கண்ணே. வம்சம்னு நீங்களே சொல்லிட்டீங்க. நாளைக்குப் பேத்திக்கும் வருமேன்னு அந்தம்மா பயப்படுது. அவங்க தங்கச்சி மக வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு இதே மாதிரி முடி வந்துச்சாம். மாத்திரையை மாத்தினதும் கொறைஞ்சிடுச்சாம். இதுவும் அப்படித்தானோன்னுதான் நேத்து கேட்டிருக்காங்க. பையனுக்கு வேற புடிச்சுப்போச்சு. அப்படி ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லுங்க, நான் பேசறேன்.”

அலமு என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

ஒரு வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால் நேற்று அவர்கள் எதிரில் பொய் சொன்னவன் நான். குரல் தழையாமல், “அப்படி ஒண்ணும் இல்ல. விடுங்க” என்று வைத்தேன்.

உமா அழவில்லை.

“அத்தை முகம் வழவழன்னு இருக்கும்ப்பா. செத்துப்போனவங்க மேலேயும் பழியைப் போட்டுட்டீங்க.”

உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள். கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மாலையில் பக்கத்து வீட்டு முருகையா வந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அட்டையின் மேல் செய்தித்தாளைப் போட்டேன். உமா வந்து தாளை எடுத்து, மடித்து, என் கையில் கொடுத்தாள்.

முருகையா அட்டையைப் பார்த்தார். “க்யா ஹுவா, என்னாச்சு? யாருக்கும்மா உடம்பு சரியில்ல?”

“எனக்குத்தான் மாமா. மிர்கி.”

வலிப்புக்கு இந்தி வார்த்தை. எங்கள் தெருவில் தமிழர், வங்காளி, தெலுங்கர் எல்லோருக்கும் புரிகிற வார்த்தை.

“நாளைக்கு நரம்பு டாக்டரைப் பார்க்கப் போறேன்” என்றாள்.

முருகையா என் பக்கம் திரும்பினார். கூட வருகிறேன் என்று சொல்வேனா என்று அலமுவும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளைப் பிரித்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.