முதற் பிரதியின் பதினேழாம் பக்கம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரே சொல்லும், என் புருஷன் றஸீன் இரண்டு தடவை கூடச் சொல்வார். அப்படிப்பட்ட வாய் அன்று எத்தாளை ஊர் வாசிகசாலை மேடையில் வறண்டுபோய்க் கிடந்தது.

நாட்டில் சண்டை முடிந்து நாலாம் வருஷம் அது. என் முதற் கவிதைப் புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. சட்டை தைத்துப் பிழைக்கிற ஒருத்திக்கு இது சின்னக் காரியமா? எங்கள் கலை வட்டம் கற்பிட்டிப் பக்கத்தில் எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்து வருஷத்துக்கு ஒரு புத்தகம் போடும். அச்சுச் செலவு முழுக்க உம்மு குல்சூம் மாமியுடையது. தென்னந்தோட்டக்காரி. "எழுதுற புள்ளைகள் எழுதட்டும்" என்பதோடு சரி. புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எழுத்துக் கூட்டவும் அவருக்கு வராது.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தொண்ணூறில், முஸ்லிம்கள் என்பதால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எத்தாளையில் மாமியின் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டில்களில் நூறு குடும்பம். ஒரே நல்ல கிணறு மாமியுடையது. அத்தனை பேரும் அள்ளி அள்ளி, அடுத்த கோடையில் தண்ணீர் கரித்தது. மாமியின் வெங்காயப் பாத்திகள் கருகின. ஒருநாள் காலை கிணற்றடி வேலியின் படலைக் கதவில் பூட்டு. நாலு நாள். தம்பி மிஹ்லாருக்குக் காய்ச்சல். உம்மா வெறுங்குடத்தோடு அந்தப் படலையில் நின்று கெஞ்சினார். பதினேழாம் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருந்தேன். பேர் போடவில்லை. எத்தாளையில் பேர் வேறு போட வேண்டுமா?

"அந்தக் கவிதைய எடுத்துடுவம் சேர்" என்று வட்டத்தின் செயலாளர் ரிஃபாஸ் சேரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"எடுத்தா புத்தகத்துல என்ன மிச்சம், நஸ்லா? மத்ததெல்லாம் நிலவும் பூவும்தானே. மாமிக்கிட்ட முதல்ல சொல்லிப்போடுங்க."

ஈவிரக்கமில்லாத மனுஷன்! ஆனால் சொன்னது சரி. மூன்று தரம் மாமி வீட்டுக்குப் போனேன். மூன்று தரமும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சொல்லாமல் திரும்பினேன். மாமி கோபித்துக் கையை விரித்தால் என் ஒருத்தியோடு போகாது. அடுத்துக் காத்திருக்கிற மபாஸாவின் கதைகளும் அன்ரனிப்பிள்ளையின் கூத்தும் அலுமாரிக்குள்ளேயே கிடக்கும்.

விழாவில் மாமி முதற் பிரதியை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பிறகு நயவுரை சொல்ல எழுந்தார் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் செய்னுலாப்தீன். புத்தகத்தைப் புரட்டினார். பதினேழில் போய் நின்றார். யா அல்லாஹ், அறுபது கவிதையில் வேறொன்றும் இவர் கண்ணில் படவில்லையா!

"கடல் எங்களைக் கடக்க விட்டது.
ஒரு படலை விடவில்லை…"

கடைசி வரிவரை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மாமி எழுந்து நின்றார்.

"யார்ட படலை மகள் அது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உங்கட, மாமி."

"ஓம். நாந்தான் பூட்டின. பயிர் போகுதெண்டு பூட்டின. உங்கட உம்மா குடத்தோட நிண்டத ஜன்னலால பார்த்துக்கொண்டுதான் இருந்த."

நான் ஓடிப்போய் ஒலிவாங்கியைப் பிடித்தேன். "அஞ்சாம் நாள் நீங்கதானே திறந்து விட்ட, மாமி! மூணு வருஷம் உங்கட தண்ணியிலதான் நாங்க உசிரோட இருந்த. அத நான் எழுதல்ல. பிழை என்னிலதான்."

"அத பிறகு எழுதுங்க. இப்ப இத இன்னொருக்கா வாசிங்க. பின்னால எங்கட ஊர் ஆக்கள் கதைச்சுக்கொண்டிருந்தாங்க. கேட்டிருக்க மாட்டாங்க."

வாசித்தேன். முடியும்வரை மாமி உட்காரவில்லை. நன்றி சொல்ல எழுதிக் கொண்டுவந்த தாள் கையில் இருந்தது. அதை யார் பார்த்தது? மேடையை விட்டிறங்கி மாமியின் கையைப் பிடித்து, எல்லாருக்கும் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். தண்ணீருக்கும் நன்றி, புத்தகத்துக்கும் நன்றி, எழுந்து நின்றதற்கும் நன்றி என்று என்னென்னவோ உளறினேன். அத்தனையும் மனதில் இருந்ததுதான்.

மாமி என் முதுகைத் தடவிக்கொண்டே ரிஃபாஸ் சேரைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் யார்ட புத்தகம் சேர்?"

"மபாஸாட, மாமி."

"என்னைப் பத்தி ஏதும் எழுதியிருந்தா, எனக்குப் பயந்து எடுத்துப்போட வேணாமெண்டு அந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க."