மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து

மலேசியாவின் பத்து காஜா ஊர் மண்டபத்தில் நடந்த பொது விசாரணையில் எனக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். மூடிய ரப்பர் தோட்டத்தில் சூரிய மின் நிலையம் வர வேண்டும் என்று பேசினேன். ஒன்பது ஆண்டுகளாக ஈப்போவில் சுற்றுச்சூழல் குழுவில் இருக்கிறேன். வரைபடமும் அட்டவணையும் திரையில் ஓடின. பதிவு செய்ய வந்த மலாய் அதிகாரியின் பேனா மூடியே இருந்தது. கைதட்டினார்கள். உடனே நிறுத்தினார்கள்.

எதிர்க்கருத்தும் பதிவானால்தான் விசாரணை செல்லும் என்றார் அதிகாரி. பெயர் கொடுத்திருந்தவர் ஒருவர்தான். காளியம்மா. தோட்டம் மூடும்வரை பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். இன்னும் தோட்டத்து லயத்தில், அதே வரிசை வீட்டில், பதினான்கு மாடுகளோடு இருக்கிறார்.

"துளசி, நீ மலாயிலே சொல்லிடு லா. என் சந்தை மலாய் இங்கே ஓடாது."

என்னிடம் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"வெயிலு ஏறிப்போச்சு, எனக்குத் தெரியாதா? முன்னே மாடு பன்னெண்டு மணிக்கு நிழல் தேடும். இப்ப ஒம்பது மணிக்கே என் குடைக்குள்ளே தலையை விடுது."

பின்வரிசையில் ராஜு கத்தினான். "அக்கா, மாட்டுக்கும் ஏர்கோன் போட்டுடலாம்!"

"முதல்ல உன் வீட்டுக்குப் போடு. உன் பொண்டாட்டி என் மாட்டுக் கொட்டாயிலே வந்துதான் காத்து வாங்குறா."

மண்டபம் குலுங்கியது. அடங்கும்வரை காத்திருந்தார்.

"கரண்டு பலகை போடுங்க, வேணாங்கலை. ஆனா பிளான்லே தோட்டத்து ஏழாம் நம்பர் காட்டுக் குட்டையை மூடுறாங்க. மேட்டுத் தண்ணி முழுக்க அங்கேதான் இறங்குது. அதை மூடினா எங்க லயத்துக்குள்ளே வரும். குட்டையை விட்டுட்டுப் போடுங்க."

என் வரைபடத்தில் அந்தக் குட்டை ஒரு நீலப் புள்ளி. அதைப் பற்றி நான் யாரையும் கேட்டதில்லை.

எழுந்து நின்று கைதட்டினார்கள். அதிகாரி பேனாவைத் திறந்தார். என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார்.

கைதட்டல் ஓயவில்லை. அவர் காதருகே குனிந்தேன்.

"மாடு மேய்க்க இடம் போய்விடும் என்று வருந்துகிறார்."

ஒரு வரி எழுதினார். காகிதத்தை என் பக்கம் திருப்பினார். பதிவைத் தமிழில் வாசித்துக் காட்டிப் பேசியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கீழே மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து. எத்தனையோ விசாரணைகளில் செய்ததுதான். மறந்திருந்தேன்.

காகிதத்தைப் பார்த்தபடி, அதில் இல்லாததைக் காளியம்மாவிடம் வாசித்தேன். வெயில், மாடு, மேட்டுத் தண்ணி, குட்டை, லயம். எல்லாவற்றையும்.

"ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா?" என்றார் அதிகாரி.

"தமிழில் கொஞ்சம் நீளும், என்சிக்" என்று மலாய் மரியாதையோடு சொன்னேன்.

காளியம்மா என் முழங்கையைப் பிடித்தார். "அடியே, நான் சொன்னதைவிட நல்லாவே இருக்கு. படிச்சவ படிச்சவதான்."

ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார். நாற்காலிக்குத் திரும்பும் வழியில் ராஜுவின் தலையில் ஒன்று போட்டார்.

அன்று அந்த மண்டபத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

அதிகாரி கை நீட்டினார். நான் காகிதத்தைக் கொடுக்கவில்லை.

"விட்டுப்போயிருக்கிறது, என்சிக்."

"என்ன?"

"நான்தான் விட்டேன்."

என்னைப் பார்த்தார். அன்று முதல் தடவை.

"இடம் இல்லையே."

"பின்பக்கம் இருக்கிறது."

பேனாவைத் தந்தார். நின்றபடியே மலாயில் எழுதினேன். குட்டையை 'நீர்ப்பிடிப்புப் பகுதி' ஆக்கினேன். அதை அடித்துவிட்டுக் குட்டை என்றே எழுதினேன். மாட்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி சேர்த்தேன். குடைக்குள் தலையை விடுகிறது என்ற இடத்தில் வெகுநேரம் நின்றேன். அதைவிட நல்லதாக ஒன்றும் எனக்கு வரவில்லை.