தாள் பிரிக்காத கிழங்குகள்

ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் கால்பந்தாட்டம் தொடங்குமுன் என் கணவர் வென்டல் சுட்ட நான்கு உருளைக்கிழங்குகளின் உள்சதையைத் தோண்டி, புளிப்புக் கிரீமும் சீஸும் பொரித்த பன்றி இறைச்சித் துணுக்குகளும் பிசைந்து, தோலுக்குள் திரும்ப நிரப்பினார். வெள்ளிக்கிழமை சுட்டு, சுற்றிய அலுமினியத் தாளைப் பிரிக்காமலே அடுப்பு மேடையில் விட்டிருந்த கிழங்குகள் அவை.

“ரெண்டு நாளா வெளியில கிடந்ததுப்பா. குப்பையில போடு.”

“கிழங்குக்கே பேர்போன ஐடஹோக்காரனுக்கே கிழங்குப் பாடமா? கடலோரத்துல நண்டு தின்னு வளர்ந்தவ நீ, உனக்கென்னடி தெரியும்? போ, உனக்குக் கிடையாது.”

“அப்ப நீயே கொட்டிக்கோ,” என்றேன்.

நான்கையும் தின்றார்.

மறுநாள் மாலை அவர் கண்ணுக்கு நான் இரண்டாகத் தெரிந்தேன். “ஒருத்தியையே தாங்க முடியல, ரெண்டு பேரா நிக்கிறியே!” என்று சிரித்தார். அவர் தெளிவாகப் பேசிய கடைசி வாக்கியம் அதுதான். பிறகு நாக்கு புரளவில்லை. மருத்துவமனையில் மூச்சுக்கும் இயந்திரம் வைத்தார்கள். காற்றுப் புகாத தாளுக்குள் நஞ்சு விளைந்திருக்கிறது என்றார் மருத்துவர். பதினேழாம் நாள் வென்டல் இறந்துபோனார்.

அடக்கத்தின்போது அவருடைய அக்கா வெர்லா எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “நீ மட்டும் எப்படி ஒரு வாய்கூடத் தொடல?”

பதில் இருந்தது.

எங்கள் இருவர் பெயரையும் பொறித்த கல்லறைக் கல்லில் நான் இறக்கும் தேதிக்கான இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.